சுரிமோனோ: கடைக்கு வராத ஜப்பானிய அச்சுப் படங்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் என்றதும் அந்தப் பேரலைப் படம்தான் எல்லோர் கண்ணிலும் வந்து நிற்கும். அது கடைச்சரக்கு. எடோ நகரத்துப் (இன்றைய டோக்கியோ) படக்கடைகளில், ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகக்கூடிய வகை. அதே ஹொகுசாய் வரைந்தும் எந்தக் கடையிலும் தொங்காத படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கவிஞர் குழுக்களும் இசை ஆசிரியர்களும் நடிகர்களும் சொந்தக் காசில் அச்சடித்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தவை. சுரிமோனோ என்பார்கள்.

அருங்காட்சியகக் குறிப்பில் ஓவியர் பெயர்தான் முதலில் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சுரிமோனோவுக்குள் நுழைந்தால் பாதிதான் கிடைக்கும். யார் காசு, எந்த நாளுக்காக, யார் கையில் கொடுக்க என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வழிகளே. ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமை வேண்டும்.

தொடங்குமுன்: 1765-இல் நடந்தது

அன்றைய ஜப்பான் சந்திர மாதக் கணக்கில் ஓடியது. மாதத்துக்கு 30 நாள் என்றால் பெரிய மாதம், 29 என்றால் சிறிய மாதம். எது பெரிது, எது சிறிது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் அதிக மாதமும் சேரும். கடன் வசூல், வாடகை எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு தேவை. ஆனால் நாள்காட்டி அச்சடிக்கும் உரிமை அனுமதி பெற்ற சில பதிப்பாளர்களுக்கு மட்டும்தான். வசதியுள்ளவர்கள் இதற்கு விளையாட்டாக ஒரு வழி கண்டார்கள். படத்துக்குள் மாத எண்களை ஒளித்து அச்சடித்துப் புத்தாண்டில் நண்பர்களுக்குக் கொடுப்பது. ஒளித்த இடத்தைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் வேலை. எகோயோமி என்பது இதன் பெயர்.

1765-இல் இந்த விளையாட்டு போட்டியாகவே மாறியது. முன்னின்றவர்களில் ஒருவர் ஓகுபோ ஜின்ஷிரோ என்ற சாமுராய், கவிப்பெயர் கியோசென். சுசுகி ஹருநோபு வரைந்தார். திடீர் மழையில் ஒரு பெண் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடும் படம் அந்த ஆண்டினுடையது. துணியில் இருக்கும் கோலங்களை உற்றுப் பார்த்தால் ஆண்டுப் பெயரும் பெரிய மாதங்களின் எண்களும் தெரியும். செலவைப் பற்றிக் கவலைப்படாத ஆட்கள் என்பதால் நிறத்துக்கு ஒரு கட்டையாகப் பல கட்டைகள் செதுக்கினார்கள். ஜப்பானின் முழு வண்ண அச்சு, அதாவது நிஷிகி-எ, உருவானது இந்தப் பணக்காரப் பொழுதுபோக்கிலிருந்துதான்.

இந்தப் படங்கள் பலவற்றில் ஓவியர் பெயரைக் காணோம். ‘கியோசெனின் யோசனை’ என்று காசு கொடுத்தவர் பெயர்தான் இருக்கிறது. பிறகு பதிப்பாளர்கள் அந்தக் கட்டைகளை வாங்கி, பெயரையும் மாத எண்களையும் செதுக்கி எடுத்துவிட்டுக் கடையில் விற்றார்கள். ஒரே படம், ஒரு பதிப்பு பரிசு, மறு பதிப்பு சரக்கு. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் மற்றவை எளிது.

முதல் படி: இது சுரிமோனோதானா என்று பாருங்கள்

முதல் அடையாளம் ஒன்று இல்லாமை. 1790-களின் தொடக்கத்திலிருந்து கடைக்குப் போகும் படங்களுக்குத் தணிக்கை முத்திரை கட்டாயம். ‘கிவாமெ’ என்ற சிறிய வட்ட முத்திரை. பதிப்பாளரின் குறியும் இருக்கும். சுரிமோனோ விற்பனைக்கு அல்ல என்பதால் வழக்கமாக இரண்டும் இருக்காது.

அடுத்தது கையொப்பம். ஓவியர் பெயருக்குப் பின்னால் ‘கா’ (வரைந்தது), ‘ஹிட்சு’ (தூரிகை) என்று வருவது எங்கும் உண்டு. பெயருக்கு முன்னால் ‘ஓஜு’ என்று இருந்தால் ‘கேட்டதற்கிணங்க’ என்று பொருள். யாரோ கேட்டு வரையச் சொன்னது. குபோ ஷுன்மன் படங்களில் ‘ஷுன்மன் செய்’ என்று இருக்கும், ‘ஷுன்மன் செய்தது’. இவர் ஓவியர், கவிஞர், சுரிமோனோ தயாரித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர் எல்லாம் ஒருவரே. இடதுகைக்காரர், அதையே தன் பட்டறைப் பெயராகவும் (ஷோசாதோ) வைத்துக்கொண்டவர்.

படத்தில் பாட்டு இருந்தாலே சுரிமோனோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைப் படங்களிலும் பாட்டு உண்டு. எல்லா அடையாளங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: அளவு, மடிப்பு

அதிகம் கண்ணில் படுவது ஷிகிஷிபன் என்ற ஏறத்தாழ சதுர வடிவம். சுமார் 21 சென்டிமீட்டர் உயரம், 18 முதல் 19 சென்டிமீட்டர் அகலம். 1810-களுக்குப் பிறகு கவிஞர் குழுக்களின் விருப்ப அளவு இதுதான்.

அதற்கு முன் நீள வடிவங்கள். முழுத்தாள் என்றால் சுமார் 40-க்கு 53 சென்டிமீட்டர். அதை அகலவாக்கில் இரண்டாக மடிப்பார்கள். ஒரு பாதியில் படம், மறு பாதியில் பாட்டுகளோ நிகழ்ச்சி நிரலோ. தாளை விரித்தால் எழுத்துப் பாதி தலைகீழாக இருக்கும். மடித்தால் இரண்டும் நேராக வரும். பின்னாளில் கைமாறும்போது பலர் எழுத்துப் பாதியை வெட்டி எறிந்துவிட்டார்கள். யாருடைய கச்சேரி, எந்த நாள் என்ற தகவல் முழுக்க அதில்தான் இருந்தது. நீளமான சுரிமோனோ பாட்டே இல்லாமல் வெறும் படமாக இருந்தால், மடிப்புக் கோடு இருக்க வேண்டிய ஓரம் நேர்த்தியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்

சுரிமோனோவின் பாதி அழகு நேர் வெளிச்சத்தில் தெரியாது. கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கச் செய்தவை இவை. சுவரில் மாட்ட அல்ல.

செய்முறை கடைப் படத்தினுடையதுதான். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் தருவார். அதைக் கவிழ்த்து மலைச் செர்ரிக் கட்டையில் ஒட்டிச் செதுக்குவார்கள். நிறத்துக்கு ஒரு கட்டை. தாள் நகராமல் வைக்கக் கட்டையின் ஓரத்தில் ‘கெந்தோ’ என்ற வெட்டுக்குறி. அச்சு இயந்திரம் கிடையாது. மூங்கில் உறை சுற்றிய ‘பாரென்’ என்ற தட்டையால் தாளின் முதுகைத் தேய்த்துத்தான் மை ஏற்றுவார்கள். வேறுபடுவது பொருளும் பொறுமையும். தாள் தடித்த ஹோஷோ. கோஸோ மரப்பட்டை நாரில் செய்தது, அழுத்தினால் கிழியாமல் மேடாகும்.

அந்தத் தாளில் இவற்றைத் தேடுங்கள். காராசுரி என்பது மையே இல்லாத அச்சு. வெறும் அழுத்தத்தில் துணியின் நெசவும் பனியின் மேடும் அலையின் வளைவும் எழும். உலோகப் பொடி இன்னொன்று. தங்கம் வெள்ளி போல மின்னுவது பெரும்பாலும் பித்தளை, செம்பு, வெள்ளீயம். பசை தடவிய கட்டையால் அச்சிட்டு மேலே பொடி தூவுவார்கள். பித்தளையும் செம்பும் காலப்போக்கில் பச்சை பூக்கும், வெள்ளீயம் கருக்கும். பழைய பிரதியில் ஒரு வாளின் விளிம்போ நீரோடையோ காரணமில்லாமல் கரும்பழுப்பாக இருந்தால், அது முதலில் வெள்ளியாக மின்னியது என்று கொள்ளலாம். காக்கைப்பொன் பொடி தூவிய பின்னணியும் உண்டு. கறுப்பின் மேல் கறுப்பாக, பளபளப்பு வித்தியாசத்தில் மட்டும் தெரியும் கோலங்களும் உண்டு. கட்டையைத் தாளுக்கு அடியில் வைத்து மேலிருந்து மெருகேற்றுவது அந்த முறை. நடிகர் படத்தில் கறுப்பு உடை வெறுமையாகத் தெரிந்தால் நம்பாதீர்கள், சாய்த்துப் பாருங்கள்.

இவ்வளவு வேலைக்கும் அச்சிட்ட எண்ணிக்கை மிகக் குறைவு. குழுவில் எத்தனை பேரோ, அவர்கள் எத்தனை பேருக்குக் கொடுக்க நினைத்தார்களோ அவ்வளவுதான். கட்டை தேயுமுன்பே வேலை முடிந்துவிடும். சுரிமோனோவில் கோடு அவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

கணினியில் பார்க்கிறீர்கள் என்றால் நேராக எடுத்த புகைப்படம் மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். வெள்ளைப் பகுதிகளைப் பெரிதாக்கி மெல்லிய நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். வெண்கொக்கின் இறகுகளும் பிளம் பூவின் இதழ்களும் அங்கேதான் கிடைக்கும்.

நான்காம் படி: பாட்டும் பாடியவரும்

வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கவிஞர் பெயர் சற்றுக் கீழிறங்கி நிற்கும். பெரும்பாலான சதுர சுரிமோனோக்களில் இருப்பவை கியோகா. 5-7-5-7-7 என்று 31 அசையில் அமைந்த சிலேடைப் பாட்டு. வடிவம் அரண்மனைக் கவிதையினுடையது, உள்ளடக்கம் குறும்பு. பழைய கவிதை தெரிந்தால்தான் புதியதைப் பார்த்துச் சிரிக்க முடியும்.

குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. சாமுராய், வணிகர், நடிகர் என்று பிறப்பால் பிரித்து வைத்த சமூகம் அது. கவிஞர் குழுவில் எல்லோரும் புனைபெயரில் ஒரே தாளில் உட்கார்ந்தார்கள். ஓடா நான்போ, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனிடம் வேலை பார்த்த கீழ்நிலை சாமுராய். ஷிகாட்சுபெ மாகாவ் இனிப்புப் பயற்றங்கஞ்சிக் கடை நடத்தியவர். இஷிகாவா மசமோச்சி விடுதிக்காரர், பழைய இலக்கியத்தில் பெரிய படிப்பாளி; ‘விடுதியில் சோறு பரிமாறும் ஆள்’ என்று தன்னைக் கூப்பிட்டுக்கொண்டார். மொதோ நோ மொகுஆமி பொதுக் குளியலறை நடத்தியவர்; அவர் மனைவி சியே நோ நாய்ஷியும் பேர்பெற்ற கியோகாக் கவிஞர். ஐந்தாம் இச்சிகாவா தன்ஜூரோ போன்ற காபுகி நாடக நட்சத்திரங்களுக்கும் கவிப்பெயர் உண்டு.

ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் மூன்று காரியம் செய்யலாம். எத்தனை பாட்டு என்று எண்ணுங்கள். செலவைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். இடது ஓரத்தில் கடைசியாக வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது குழுவின் பெரியவர். தலைப்புப் பெட்டியைப் பாருங்கள். குழுவின் பெயர் சில சமயம் அங்கேயே இருக்கும். ஹொகுசாயின் மாணவர் ஹொக்கெய் வரைந்த ஒரு வரிசை ஹனசோனோ குழுவின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. ஹொக்கெய் ஓவியராகும் முன் மீன் விற்றவர். அந்தத் தொழிற்பெயர் (தோதோயா) கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் படி: பொருளும் ஆண்டும்

சுரிமோனோவின் பொருள் வகைகளைப் பார்த்தால் தலை சுற்றும். சீனத்து வீரர்கள், கெஞ்சி கதை என்ற பழைய ஜப்பானிய நாவலின் காட்சிகள், தேநீர்க் கலங்கள், சிப்பிகள், பூச்சிகள், பெண்கள், தொலைநோக்கி, பொம்மை, ஒரு பூத்தொட்டி. கடைப் படத்தில் நடிகரும் அழகியும் ஊரும்தான் விற்கும். மேசைமேல் ஒரு சீப்பும் பையும் கிடக்கும் படத்தை யார் வாங்குவார்? சுரிமோனோவில் அது செல்லுபடியாகும். வாங்குபவருக்குக் குறிப்பு புரியும் என்று கொடுப்பவருக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெரும்பாலானவை புத்தாண்டுக்கு. பழைய கணக்கில் புத்தாண்டு வசந்தத்தின் வாசல். அதனால் பிளம் பூ, உகுயிசுப் பறவை, மஞ்சள் ஃபுகுஜுசோ செடி, இறகுப்பந்து மட்டை, ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் ஏறிய புதையல் கப்பல். ஃபூஜி மலை, பருந்து, கத்தரிக்காய் மூன்றும் சேர்ந்தால் அது ஆண்டின் முதல் கனவில் வரவேண்டிய நற்சகுனம். கத்தரிக்காய் மட்டும் தனியாகக் கிடந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஆண்டு விலங்கைத் தேடுங்கள். பன்னிரண்டு விலங்குச் சுற்றில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று. நேராக வரைந்தால் அதில் என்ன சுவை? வேடம் போட்டு வரும். பாம்பு ஆண்டு என்றால் வெள்ளைப் பாம்பைத் தூதாகக் கொண்ட பென்சாய்தென் தேவி. எலி ஆண்டு என்றால் எலியைத் தூதாகக் கொண்ட செல்வத் தெய்வம் தாய்கோகு. எருது என்றால் எருதின் மேல் சுகாவாரா நோ மிச்சிசானே (கல்வித் தெய்வமாக வணங்கப்படும் பழைய அறிஞர்), கூடவே அவருக்குப் பிடித்த பிளம். பன்றி என்றால் 1193-இல் ஃபூஜி அடிவார வேட்டையில் காட்டுப்பன்றியை வீழ்த்திய நித்தா ததட்சுனே. முயல் என்றால் நிலா.

உச்சம் 1822, குதிரை ஆண்டு. யோமோ என்ற கவிஞர் குழுவுக்காக ஹொகுசாய் ‘உமாசுகுஷி’ என்றொரு வரிசை செய்தார்; ‘குதிரைகள் எல்லாம்’ என்று பொருள் கொள்ளலாம். ஆனால் பல படங்களில் குதிரையே இல்லை. பெயருக்குள் குதிரை ஒளிந்திருக்கும் இடங்களும் பொருள்களும்தான் இருக்கும். குதிரைக்கு ‘உமா’, ‘கொமா’ என்று பெயர்கள். ஆகவே அசகுசாவின் கொமாகாதா கோயில் வந்து நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழுவுக்காக 36 படங்கள் கொண்ட சிப்பி வரிசை. அதிலும் இதே தந்திரம், சிப்பியின் பெயரைச் சிலேடையாக்கிய காட்சிகள்.

விலங்கு கிடைத்துவிட்டது, ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வருமே? ஓவியரின் பெயர் உதவும். குதிரை ஆண்டுகள் 1798, 1810, 1822, 1834. இந்த வரிசையில் கையொப்பம் ‘இயிட்சு’. ஹொகுசாய் அந்தப் பெயரை 1820-இல் எடுத்தார். அதனால் முதல் இரண்டும் கழிந்தன. 1834-க்குள் ‘மன்ஜி’ என்று மாறிவிட்டார். மிஞ்சுவது 1822. அடிக்கடி பெயர் மாற்றிக்கொண்ட இந்த மனிதரின் வழக்கம் எரிச்சலூட்டலாம், ஆனால் காலம் கணிக்க வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை நிறமான அடர்ந்த பிரஷ்ய நீலம் நிறைய இருந்தால் 1820-களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின் என்று நினைக்கலாம்.

ஆறாம் படி: புத்தாண்டு இல்லையென்றால்

விலங்கும் இல்லை, பிளம் பூவும் இல்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள். இசை ஆசிரியரின் கச்சேரி அழைப்பு, நடிகர் முன்னோர் பெயரை ஏற்கும் அறிவிப்பு, 61, 77, 88 வயது நிறைவு, இறந்தவர் நினைவு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் தெரிந்தால் அது தன்ஜூரோ குடும்பச் சின்னம். நிறைய சுரிமோனோக்கள் அந்தக் குடும்பத்தைச் சுற்றியே இருக்கின்றன. கியோதோ, ஒசாகா பக்கம் ஷிஜோ பாணி ஓவியர்கள் வரைந்த பெரிய தாள்களில் கியோகாவுக்குப் பதில் ஹைகாய் என்ற குறும்பாட்டுகள் நெருக்கமாக இருக்கும். படம் ஒரு மூலையில், நாலைந்து தூரிகைக் கோட்டில்.

1830-களின் பஞ்சமும், 1841 முதல் 1843 வரை நடந்த தென்போ சீர்திருத்தம் என்ற அரசு நடவடிக்கையின் ஆடம்பரத் தடைகளும் சதுர சுரிமோனோவின் காலத்தை முடித்துவிட்டன. ஏழாம் தன்ஜூரோவையே ஆடம்பரக் குற்றத்துக்காக 1842-இல் எடோவிலிருந்து துரத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மரபு முழுக்க அறுபடவில்லை. அரக்கு வேலைக்குப் பெயர்போன ஷிபாதா செஷின் (1807–1891) மெய்ஜி காலத்திலும் (1868–1912) அருமையான சுரிமோனோக்களைச் செய்தார்.

ஏழாம் படி: பங்காளி வகை, நோசாட்சு

தேடும்போது ஒல்லியான சிறு சீட்டுகள் எதிர்ப்படும். கோயில்களுக்கு யாத்திரை போகிறவர்கள் தம் பெயர் அச்சிட்ட சீட்டைத் தூணிலும் உத்தரத்திலும் ஒட்டுவது வழக்கம். நீண்ட கழியின் நுனியில் தூரிகை கட்டி எட்டாத உயரத்தில் ஒட்டுவார்கள். நாளடைவில் தாள் உதிர்ந்து மை மட்டும் மரத்தில் தங்கும். இப்படி ஒட்டுபவை ஒரே கறுப்பில் இருக்கும். ஒட்டுவதற்கல்லாமல் கூட்டம் போட்டு மாற்றிக்கொள்ள இவர்களே இன்னொரு வகை அச்சடித்தார்கள். அதில் வண்ணம், உலோகப் பொடி, பேய், தீயணைப்புப் படைக் கொடி, பொம்மை என்று எதுவும் வரும். அடிப்படை அளவு சுமார் 4.8-க்கு 14.4 சென்டிமீட்டர், பெரியவை அதன் மடங்குகள். கவிஞர் குழுவைவிட இது கைவினைஞர், தச்சர், தீயணைப்போர் உலகம். எழுத்தும் அதற்கேற்பத் தடித்து முறுக்கேறியது.

இந்தக் கூட்டங்களில் போய் உட்கார்ந்த வெளிநாட்டவர் ஒருவர் உண்டு. சிகாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் ஃபிரெடரிக் ஸ்டார் (1858–1933). ஜப்பானியர் அவரைச் ‘சீட்டு டாக்டர்’ என்று அழைத்தார்கள். அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில்.

எட்டாம் படி: வாங்குமுன்

1890-களில் சதுர சுரிமோனோக்களை மறுபடி கட்டையில் செதுக்கி ஏராளமான நகல்கள் வந்தன. ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பலர் அவற்றை மூலம் என்றே வாங்கினார்கள். நகல் கெட்ட வேலை அல்ல; சில நன்றாகவே இருக்கும். விலைதான் மூலத்தினுடையதாக இருக்கக் கூடாது.

எழுத்தில் ஆரம்பியுங்கள். தூரிகை ஓடிய கொடி எழுத்தை, அதைப் படிக்கத் தெரியாமல் செதுக்கினால் கோடு தடுமாறும். இணைய வேண்டிய இடத்தில் உடையும். பிறகு நிறம்: குசும்பாப் பூவின் சிவப்பும், வெளிச்சத்தில் வெளிறும் பூ நீலமும் மென்மையானவை, முகத்தில் அறையும் ஊதாவோ சிவப்போ இருந்தால் நிதானியுங்கள். அதற்குப் பிறகு தாள்: மெல்லிசாக வழவழப்பாக, மேடுகள் ஆழமில்லாமல் இருப்பது நல்ல அறிகுறி அல்ல. கடைசியாக, ஏதாவது ஓர் அருங்காட்சியகப் பிரதியோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள். ஒரு புல் நுனி வேறு திசையில் வளைந்திருந்தால் கட்டையே வேறு.

வாங்கிவிட்டால் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்ட வைக்காதீர்கள், மேடுகள் நசுங்கிவிடும். அமிலமில்லாத அட்டையில் இடைவெளி விட்டுப் பெட்டியில் படுக்கவையுங்கள். வெயில் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் பற்றி யாரும் பேச்சே எடுக்கக் கூடாது.

எங்கே பார்த்துப் பழகுவது

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு ஹேவ்மெயர் குடும்பத்திலிருந்து 1929-இல் வந்த சுரிமோனோக்களில் ஷுன்மனின் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் மிகப் பெரிதாக்கிப் பார்க்கும் தரத்தில் இணையத்தில் வைத்திருக்கிறது. காராசுரி தேட அது நல்ல இடம். டப்ளினின் செஸ்டர் பீட்டி, ஹார்வர்டு கலைக்கூடங்கள், லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் நல்ல திரட்டுகள் உண்டு. தேடுபெட்டியில் ஓவியர் பெயரை மட்டும் போட்டால் கடைப் படங்களே முன்னால் வரும். ‘சுரிமோனோ’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

பழகுவதற்கு ஹொகுசாயின் 1822 குதிரை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு அருங்காட்சியகங்களிலிருந்து திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் உலோகம் கருத்திருக்கிறது, எதில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, எதில் நீலம் போய்விட்டது என்று குறித்துக்கொண்டே வந்தால், பத்துப் படம் முடிவதற்குள் கண்ணுக்குப் பழக்கம் வந்துவிடும். குதிரையை எங்கே ஒளித்திருக்கிறார் என்று மட்டும் குறிப்பைப் படிக்குமுன் நீங்களே ஒருமுறை தேடுங்கள்.